இரண்டு விநாடி

வடக்கு டக்கோட்டாவில் ஜனவரி.
கொட்டகை மூலையில் மண்ணெண்ணெய் அடுப்பு
தன்னைத் தவிர யாரையும் சூடாக்கவில்லை.

அறுபத்தெட்டாம் வருஷத்துப் பிக்கப்.
அதன் வயிற்றில் புதிதாக
ஷெரீஃப் அலுவலக ஏலத்தில் எடுத்த எஞ்சின்,
சர்க்கரை பீட் ஏற்றிய லாரி
பின்னாலிருந்து நசுக்கிய ரோந்து வண்டியுடையது.
வெர்னா ட்வெய்ட் கொடுத்த விலை
எண்ணூறு டாலரும் ஒரு பனி ஊதும் மிஷினும்.

பழைய வண்டிக்குத் தெரிந்த ஒயர் இருபது சொச்சம்.
விளக்குக்கு ஒன்று, ஹாரனுக்கு ஒன்று,
வைப்பருக்கு ஒன்று.
கேட்டால் சொல்லிவிடும்.
எஞ்சினோடு வந்ததோ
எண்ணெய் காணாத கூந்தல் போல் ஒரு கற்றை.
இளஞ்சிவப்பில் கருங்கோடு,
கரும்பச்சையில் வெண்கோடு,
பழுப்பா ஊதாவா என்று
டியூப்லைட் அடியில் இருவரை
அடித்துக்கொள்ள வைக்கும் நிறங்கள்.

நிலைமொழி வண்டி.
வருமொழி எஞ்சின்.
நடுவில் ஆல்டனின் குறடு.
தோன்ற வேண்டியவை தோன்றின:
ரிலே மூன்று, ஃபியூஸ் பெட்டி ஒன்று.
திரிய வேண்டியவை திரிந்தன:
கேபிளை இழுத்த ஆக்ஸிலேட்டர்
இப்போது மின்சாரத்திடம் மனுப் போடுகிறது.
கெட வேண்டியவையும் கெட்டன.
ஏசிக்கானது, ஏர்பேக்குக்கானது,
பின்கதவு திறந்திருந்தால் மணியடிப்பது,
இன்னும் பெயர் தெரியாத ஏழெட்டு.
"இது வேண்டாம், இதுவும் வேண்டாம்"
நறுக்கி நறுக்கி டேப் சுற்றினான்.

சாவியைத் திருப்பினாள்.
உறுமியது.
ஒன்று. இரண்டு.
நின்றது.

பெட்ரோல், என்றான் ஆல்டன்.
பம்ப்பை மாற்றினார்கள்.
ஒன்று. இரண்டு.

எர்த், என்றாள் வெர்னா.
சட்டத்தின் பெயிண்டைச் சுரண்டி
வெள்ளை உலோகம் தெரியத் தேய்த்து
பெருவிரல் தடிமனில் பின்னல் பட்டை முடுக்கினார்கள்.
ஒன்று. இரண்டு.

இரண்டு விநாடிக்குள் சொல்லி முடிக்கும்படி
ஒரு நீளமான கெட்டவார்த்தையைச்
சுருக்கி வைத்திருந்தான் ஆல்டன்.

பதினோராம் இரவு.
மைனஸ் இருபத்தெட்டு.
அவன் வீட்டுக்குப் போயாயிற்று.
தூக்கம் வராத கைக்கு வேலையாக
வெட்டிய நுனிகளின் டேப்பைப் பிரித்து
ஒவ்வொன்றிலும் சின்ன பல்பைத் தொட்டாள்.
ஒன்பது இருட்டு.
பத்தாவது
கண் சிமிட்டியது.

வரைபடத்தில் விரல் வைத்துப் போனாள், மூன்று பக்கம்.
திருட்டுத் தடுப்பு எச்சரிக்கை விளக்கு.

போலீசில் வேலை பார்த்த எஞ்சின்.
தான் பழகிய சாவியைக் கேட்டிருக்கிறது.
இவள் நீட்டியதோ
சில்லு எதுவும் இல்லாத வெறும் பித்தளை.
இரண்டு விநாடி இவளை ஏற இறங்கப் பார்த்து
திருடி என்று முடிவுகட்டி
ஒவ்வொரு முறையும் மூச்சை நிறுத்தியிருக்கிறது.
அதைச் சொல்லவும் செய்தது, பதினோரு நாளாக,
அவர்களே டேப் சுற்றிய வாயால்.

சிரித்தாள்.
அந்தக் குளிரில் சிரிப்பு
புகையாகத்தான் வெளியே வரும்.

கணினிப் பெட்டியைக் கழற்றி
கம்பளி சாக்ஸில் திணித்து
டுலூத்தில் ஒருவனுக்குத் தபாலில் போட்டாள்.
கூடவே ஒரு சீட்டு:
"இதற்கு என்னைத் தெரிய வேண்டாம்.
சாவி கேட்பதை மறந்தால் போதும்."

ஒன்பது நாளில் திரும்பி வந்தது.
சாக்ஸ் வரவில்லை.

ஒன்று. இரண்டு.
மூன்று.
ஏழில் ஆல்டன் எண்ணுவதை விட்டான்.

இப்போது தானியக் கிடங்கு வரை போய்வருகிறது வண்டி.
டாங்க் நிறைந்தாலும் வற்றினாலும்
பெட்ரோல் முள் பாதியில் நிற்கும்;
அதற்கு ஒரு குச்சி வைத்திருக்கிறாள்.
இடது இண்டிகேட்டர் போட்டால் ரேடியோ வாயடைக்கும்.
டேஷ்போர்டில் ஒரு ஓட்டை போட்டு
அந்தச் சின்ன பல்பைப் பொருத்தியிருக்கிறாள்.
இனி அது எரியப் போவதில்லை.

இது எதற்கு, என்றான் ஆல்டன்.

முனையில் ஸ்டாப் பலகை.
வெர்னா இடது இண்டிகேட்டரைப் போட்டாள்.